கை வெச்சது பில, செத்தது ஏ: நெஸ்டட் விர்ச்சுவலைசேஷன்ல சிஆர்3 மாறிப்போன ஒரு கேஸ்

ஆர்ஐபி (அடுத்து ஓட வேண்டிய இன்ஸ்ட்ரக்ஷனோட அட்ரஸ்) சரியா இருக்கு, ஆர்எஸ்பி (ஸ்டாக் எங்கன்னு சொல்றது) சரியா இருக்கு, ஈபிடி (கெஸ்ட்டோட மெமரி அட்ரஸை நிஜ அட்ரஸா மாத்தற டேபிள்) பாயிண்டர் சரி, செக்மெண்ட் எல்லாம் சரி, ஆனா கெஸ்ட், அதாவது உள்ள ஓடற விர்ச்சுவல் மெஷின், தூக்கத்துலேர்ந்து எழுந்த உடனே ட்ரிபிள் ஃபால்ட் (ஃபால்ட்டை கையாளப் போன இடத்துலயும் ஃபால்ட், அதுக்கும் ஃபால்ட்) ஆகி செத்துப்போகுது. ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் கூட ஓடல. இதுக்கு எனக்கு முழுசா ரெண்டு நாள் போச்சு, அதுல ஒன்றரை நாள் என் கோடைத்தான் சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்.

நெஸ்டட் விர்ச்சுவலைசேஷன்னா ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள்ள (விஎம்) இன்னொரு விஎம் ஓட்டறது. செட்டப் என்னன்னு சொல்லிடறேன். ஆபீஸ்ல ஒரு ஓரமா கிடந்த பழைய இன்டெல் சர்வர், அதுல 2019க்கு முந்தின லினக்ஸ் கெர்னல், யாரும் தொடாம விட்டு வெச்சது. அதுல கேவிஎம், அதாவது லினக்ஸ்லயே இருக்கற ஹைப்பர்வைசர் (விஎம்களை ஓட்டற சாஃப்ட்வேர்), ஓடுது, இதுதான் எல்0. அதுக்குள்ள ஒரு விஎம், அந்த விஎம்ல நான் கத்துக்கறதுக்காக எழுதின குட்டி ஹைப்பர்வைசர், இது எல்1. அது ரெண்டு குட்டி கெஸ்ட்டை ஒரே விசிபியு (விர்ச்சுவல் சிபியு) மேல மாத்தி மாத்தி ஓட்டும், இதுங்க எல்2. பேர் வெக்கற மூட் இல்லாததால ஏ, பின்னு விட்டுட்டேன். ஏ ஒரு சோம்பேறி: எழுந்து ஒரு கவுண்டரை ஒண்ணு கூட்டும், சீரியல்ல ஒரு வரி பிரிண்ட் பண்ணும், திரும்ப எஸ்டிஐ (இன்டரப்ட் வரலாம்), ஹெச்எல்டி (இன்டரப்ட் வர்ற வரைக்கும் நில்லு) போட்டு தூங்கிடும். பி சும்மா கணக்கு போட்டுட்டே இருக்கும். எல்1ல லோக்கல் ஏபிக் டைமர் (சிபியுவோட சொந்த டைமர்) டிக் அடிக்கும், ஒவ்வொரு டிக்குக்கும் ஆளை மாத்துவேன், 50 டிக்குக்கு ஒரு தடவை ஏக்கு ஒரு இன்டரப்ட் இன்ஜெக்ட் பண்ணி எழுப்புவேன். ஹெச்எல்டியை நான் இன்டர்செப்ட் பண்ணல, அதாவது கெஸ்ட் அதைப் போட்டா என்கிட்ட சொல்லுன்னு கேக்கல. கெஸ்ட் தூங்கணும்னா அதோட டைம்ல தூங்கிக்கட்டும், நமக்கென்னன்னு விட்டுட்டேன். இந்த "நமக்கென்ன"லதான் மொத்த கதையும் இருக்கு, ஆனா அப்போ தெரியாது.

மூணு வாரம் நல்லா ஓடுச்சு. அதுவரைக்கும் ஏ, பி ரெண்டுமே ஒரே இமேஜ்லேர்ந்து பில்ட் ஆனது, ரெண்டோட பேஜ் டேபிளும் (கெஸ்ட் தன்னோட மெமரி அட்ரஸை மாத்த வெச்சிருக்கற டேபிள், அது எங்க இருக்குன்னு சொல்ற ரிஜிஸ்டர்தான் சிஆர்3) கெஸ்ட் அட்ரஸ் ஹெக்ஸ் 1000ல உக்காந்திருக்கும். அப்புறம் பிக்கு கொஞ்சம் பெரிய கோடு வேணும்னு லிங்கர் ஸ்க்ரிப்டை (கோடு மெமரில எங்க உக்காரணும்னு சொல்ற ஃபைல்) மாத்தினேன், அதோட பேஜ் டேபிள் ஹெக்ஸ் 9000க்கு நகர்ந்துச்சு. அன்னிக்கு சாயங்காலமே சாவு ஆரம்பிச்சுது. செத்தது பி இல்ல, ஏ. கை வெச்சது பில, செத்தது ஏ. இது என்னடா வில்லங்கம்னு நான் மொதல்ல நினைச்சது ஈபிடி மேப்பிங் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிடுச்சுன்னுதான். ரெண்டோட ஈபிடியையும் டம்ப் எடுத்து வரி வரியா பாத்தேன், சுத்தம். இன்விஈபிடி (கேஷ்ல இருக்கற பழைய ஈபிடி மேப்பிங்கை அழிக்கற இன்ஸ்ட்ரக்ஷன்) விட்டுட்டேனோன்னு ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் போட்டுப் பாத்தேன், அப்பவும் சாவு. விஎம்சிஎஸ்ங்கறது ஒரு கெஸ்ட்டோட ஸ்டேட்டையும் செட்டிங்கையும் ஹார்டுவேர் வெச்சுக்கற இடம், விஎம்பிடிஆர்எல்டிங்கறது எந்த விஎம்சிஎஸ்னு மாத்தற இன்ஸ்ட்ரக்ஷன்; அதைப் போடாம பியோட விஎம்சிஎஸ்ல ஏவை ஓட்டறேனான்னு பாத்தேன், இல்ல.

கடைசியா, சும்மா பாத்துருவோம்னு, ஒவ்வொரு விஎம் எக்ஸிட்டுக்கு (கெஸ்ட்லேர்ந்து ஹைப்பர்வைசருக்கு திரும்பறது) அப்புறமும் கெஸ்ட் சிஆர்3 ஃபீல்டை, அதாவது ஹெக்ஸ் 6802, படிச்சு பிரிண்ட் போட்டேன். ஏவோட விஎம்சிஎஸ்ல 9000னு இருக்கு. ஏக்கு 9000 எங்கேர்ந்து வந்துச்சு? என் கோட்ல சிஆர்3 ஃபீல்டை எழுதற இடம் ஒண்ணே ஒண்ணுதான், கெஸ்ட்டை முதல்ல உருவாக்கும்போது. ஏவும் தன்னோட சிஆர்3யை ஓடும்போது மாத்தவே மாத்தாது, அந்த இன்ஸ்ட்ரக்ஷனே அதோட கோட்ல இல்ல. அப்போ நான் எழுதல, ஏ எழுதல, வேற யாரு? அடியில உக்காந்திருக்கற எல்0தான் மிச்சம்.

இங்க ஒரு நிமிஷம் நெஸ்டட் எப்படி ஓடுதுன்னு பாத்துக்கணும், இல்லன்னா மீதி புரியாது. இன்டெல் ஹார்டுவேருக்கு ஒரே ஒரு லெவல் ஹைப்பர்வைசர்தான் தெரியும், எல்1ன்னு ஒண்ணு நடுவுல இருக்கறது அதுக்குத் தெரியாது. ஐபிஎம்மோட ஹைஃபா ஆராய்ச்சி மையத்துலேர்ந்து 2010ல வந்த டர்டில்ஸ் ப்ராஜெக்ட் இதுக்கு காட்டின வழிதான் கேவிஎம்ல இருக்கு, 2011ல லினக்ஸ் 3.1ல நெஸ்டட் விஎம்எக்ஸ் உள்ள வந்துச்சு. வழி இதுதான்: எல்1 தன்னோட கெஸ்ட்டுக்காக எழுதற விஎம்சிஎஸ் உண்மையான விஎம்சிஎஸ் இல்ல, எல்0 அதை ஒரு மெமரி ஸ்ட்ரக்சரா வெச்சுக்கும், அதுக்கு பேரு விஎம்சிஎஸ்12. எல்1ஐ ஓட்டறதுக்கு விஎம்சிஎஸ்01. எல்2வை நேரா ஹார்டுவேர்ல ஓட்டறதுக்கு, 12லயும் 01லயும் இருக்கறதை கலந்து எல்0 தயார் பண்றது விஎம்சிஎஸ்02. எல்1 விஎம்ரெஸ்யூம் (கெஸ்ட்டை திரும்ப ஓட்டற இன்ஸ்ட்ரக்ஷன்) அடிச்சா அது எல்0க்கு ஒரு எக்ஸிட்டா வரும், எல்0 02வை ரெடி பண்ணி எல்2வை ஓட்டும். எல்2லேர்ந்து எல்1க்கு எக்ஸிட் காட்டணும்னா 02ல இருக்கற கெஸ்ட் ஸ்டேட்டை திரும்ப 12க்கு காப்பி பண்ணிட்டு எல்1ஐ எழுப்பும்.

கவனிக்க வேண்டியது: விஎம்சிஎஸ்12 கெஸ்ட்டுக்கு ஒண்ணு, ஏக்கு தனி, பிக்கு தனி. ஆனா விஎம்சிஎஸ்02 ஒரு விசிபியுக்கு ஒண்ணே ஒண்ணுதான். ஏ ஓடினாலும் பி ஓடினாலும் அதே 02தான். கல்யாண மண்டபம் மாதிரி, நேத்து ஒரு பார்ட்டி இன்னிக்கு ஒரு பார்ட்டி, வாசல்ல இருக்கற பேர் போர்டை மாத்தாம விட்டா வர்றவன் தப்பான கல்யாணத்துல மொய் எழுதிட்டுப் போவான்.

சிஆர்3யை ஏன் 02லேர்ந்து 12க்கு திரும்ப காப்பி பண்ணணும்? ஈபிடி இருந்தா கெஸ்ட் தன்னோட சிஆர்3யை யாரையும் கேக்காம மாத்திக்கலாம், எக்ஸிட்டே வராது. சாதாரண ஓஎஸ்ல ப்ராசஸ் மாறினாலே சிஆர்3 மாறும். அதனால கெஸ்ட் கடைசியா என்ன வெச்சிருந்துச்சுன்னு 02ல பாத்துதான் எல்0க்கே தெரியும். ஈபிடி இல்லாம எல்0 ஷேடோ பேஜ் டேபிள் (கெஸ்ட்டோடதுக்கு பதிலா எல்0 தானே தயார் பண்றது) போட்டு ஓட்டறப்போ 02ல இருக்கறது எல்0 வெச்ச சிஆர்3, கெஸ்ட்டோடது இல்ல, அதனால அப்போ காப்பி பண்ணக்கூடாது. கேவிஎம் இந்த ரெண்டையும் சரியா பிரிச்சுத்தான் வெச்சிருக்கு. காப்பி பண்றதுல தப்பில்ல, காப்பி பண்ற நேரத்துல 02ல இருக்கற சரக்கு யாருடையதுங்கறதுதான் சிக்கல்.

இப்போ ஒரு ரவுண்டு மெதுவா ஓட்டிப் பாக்கலாம்.

ஏ ஹெச்எல்டி போடுது. எல்0 ஹெச்எல்டியை பிடிக்கும், எல்1 அதை கேக்கலைன்னு பாத்துட்டு விசிபியுவை தானே தூங்க வெக்கும். டிக் வருது, எல்1க்கு எக்ஸிட். அப்போ ஏவோட 12ல ஆக்டிவிட்டி ஸ்டேட் 1ன்னு, அதாவது ஹெச்எல்டில இருக்குன்னு, பதிவாகும். சிஆர்3 1000, சரி. இதுவரைக்கும் ஒரு தப்பும் இல்ல.

எல்1 பியை ஓட்டுது. எல்0 02வை பிக்கு ரெடி பண்ணி நிஜமாவே ஹார்டுவேர்ல ஓட்டுது, 02ல சிஆர்3 9000. டிக், எக்ஸிட், சரி.

எல்1 திரும்ப ஏவை கூப்பிடுது, ஆக்டிவிட்டி ஸ்டேட் இன்னும் ஹெச்எல்டிதான், இன்ஜெக்ட் பண்ண இன்டரப்ட்டும் இல்ல. எல்0 02வை ஏக்கு ரெடி பண்ண ஆரம்பிக்கும், கிட்டத்தட்ட எல்லா ஃபீல்டும் எழுதும், முக்கியமா சிஆர்3யைத் தவிர. சிஆர்3யை கேவிஎம் அப்போ எழுதாது, விசிபியு ஸ்ட்ரக்சர்ல மட்டும் குறிச்சு வெச்சுக்கிட்டு, உள்ள போறதுக்கு கடைசி நொடில எம்எம்யு ரூட் (அட்ரஸ் மாத்தற டேபிளோட தொடக்கம்) லோட் ஆகும்போது எழுதிக்கலாம்னு தள்ளி வெச்சிருக்கும். ஆனா இந்த கெஸ்ட் தூங்கற கெஸ்ட், உள்ள போய் என்ன பண்ணப்போகுது, அதனால எல்0 ஹார்டுவேருக்கே போகாம விசிபியுவை அப்படியே ஹால்ட் பண்ணிடும். கடைசி நொடி வரவே இல்ல. 02ல சிஆர்3 இன்னும் பியோட 9000.

அடுத்த டிக். எல்1க்கு எக்ஸிட் காட்டணும். எல்0 வழக்கம்போல 02லேர்ந்து 12க்கு காப்பி பண்ணுது. ஏவோட 12ல சிஆர்3 9000 ஆயிடுச்சு.

இதுல கொடுமை என்னன்னா இப்பவும் யாரும் சாகல. ஏ இன்னும் தூங்கிட்டுதான் இருக்கு. இன்னும் எத்தனையோ டிக் போகும், பி வரும், ஏ வரும், எல்லாம் நல்லா இருக்கற மாதிரியே இருக்கும். 50வது டிக்ல நான் ஏக்கு இன்டரப்ட் இன்ஜெக்ட் பண்றேன், அப்போதான் எல்0 ஏவை நிஜமாவே ஹார்டுவேருக்குள்ள அனுப்புது, 9000ங்கற சிஆர்3யோட. எல்லா ஊர்லயும் பிள்ளையார் கோயில் தெரு இருக்கும், அதுல 12ம் நம்பர் வீடும் இருக்கும், ஆனா நம்ம ஊர் 12ல இருக்கறவரும் பக்கத்து ஊர் 12ல இருக்கறவரும் ஒரே ஆள் இல்லயே. அந்த மாதிரி 9000ங்கறது பியோட ஈபிடி வழியா போனா பேஜ் டேபிள், ஏவோட ஈபிடி வழியா போனா வெறும் ஜீரோ நிரம்பின ஒரு பேஜ். இன்டரப்ட்டை டெலிவர் பண்ண ஐடிடியை (எந்த இன்டரப்ட்டுக்கு எந்த கோடுன்னு சொல்ற டேபிள்) படிக்கணும், படிக்க பேஜ் டேபிள் வேணும், அது ஜீரோ, பேஜ் ஃபால்ட். பேஜ் ஃபால்ட்டை டெலிவர் பண்ணவும் அதே ஐடிடி, டபுள் ஃபால்ட். அதுக்கும் அதே ஐடிடி. எக்ஸிட் ரீசன் 2, ட்ரிபிள் ஃபால்ட், ஆர்ஐபி மட்டும் ஹெச்எல்டிக்கு அடுத்த பைட்ல சமத்தா நிக்குது. திருட்டு நடந்தது ஒரு நாள், தெரிஞ்சது வேற நாள், அதனாலதான் செத்த இடத்துல எவ்வளவு தேடினாலும் ஒண்ணும் கிடைக்கல.

மூணு வாரம் ஏன் தெரியலங்கறதும் இப்போ விளங்குதா? அப்பவும் இதேதான் நடந்துட்டு இருந்துச்சு, பியோட சிஆர்3 ஏவோட 12ல எழுதப்பட்டுட்டேதான் இருந்துச்சு, ஆனா ரெண்டும் 1000. ஒரே இமேஜை ரெண்டு தடவை ஓட்டி டெஸ்ட் பண்றது டெஸ்டே இல்லன்னு எனக்கு உறைச்சது அப்போதான்.

ஆர்ஐபியும் ஆர்எஸ்பியும் ஏன் தப்பிச்சுதுன்னு கொஞ்ச நேரம் மண்டைய குடைஞ்சுது. பதில் சிம்பிள். கேவிஎம் அந்த ரெண்டையும் விசிபியு ஸ்ட்ரக்சர்ல கேஷ் பண்ணி வெச்சிருக்கும், மாத்தினா டர்ட்டின்னு மார்க் பண்ணும், உள்ள போகும்போது டர்ட்டியா இருந்தா மட்டும் விஎம்சிஎஸ்ல எழுதும். எக்ஸிட்ல 12க்கு காப்பி பண்ணும்போதும் விஎம்சிஎஸ்ல போய் பாக்காம கேஷ்லேர்ந்துதான் எடுக்கும். எழுதறதை தள்ளி வெச்சா படிக்கறதும் தள்ளி வெச்ச இடத்துலேர்ந்துதான் படிக்கணும், அங்க அது ஒழுங்கா இருக்கு. சிஆர்3ல மட்டும் எழுதறது ஒரு இடத்துல, படிக்கறது இன்னொரு இடத்துல.

கன்ஃபர்ம் பண்ண எல்0ல கேவிஎம் ட்ரேஸ்பாயிண்ட் (உள்ள நடக்கறதை வரி வரியா பதிவு பண்றது) ஆன் பண்ணேன். ஏவோட முறை வரும்போது வரிசை இப்படி: கேவிஎம் எக்ஸிட், காரணம் விஎம்ரெஸ்யூம். அப்புறம் விசிபியு வேக்கப். அப்புறம் நெஸ்டட் விஎம்எக்ஸிட் இன்ஜெக்ட். நடுவுல கேவிஎம் என்ட்ரின்னு ஒரு வரி வந்திருக்கணும், இல்ல. எல்2 உள்ளயே போகல, ஆனா எல்2லேர்ந்து வெளிய வந்த மாதிரி எல்1க்கு பேப்பர் ரெடி ஆகுது. ஸ்கூலுக்கே போகாத பையனுக்கு மார்க் ஷீட் வந்த கதை, அதுலயும் பக்கத்து பெஞ்ச் பையனோட மார்க்.

தேடிப் பாத்தா இது 2019லயே பிடிபட்டு சரி பண்ணப்பட்ட பக். ரிப்போர்ட் வந்தது ம்யூன்ங்கற செபரேஷன் கெர்னல் (கெஸ்ட்டுகளை ஒண்ணுக்கொண்ணு கலக்காம பிரிச்சு வெக்கற குட்டி கெர்னல்) எழுதற சுவிட்சர்லாந்து ஆளுங்ககிட்டேர்ந்து, பேட்ச் எழுதினது அப்போ இன்டெல்ல இருந்த ஷான் கிறிஸ்டோபர்சன். ம்யூன் மாதிரி ஒண்ணுதான் இதுல மாட்டும்ங்கறதுக்கு காரணம் இருக்கு. அதுல ஷெட்யூல் முன்னாடியே எழுதி வெச்சது, யாருக்கு எவ்வளவு நேரம்னு கல்வெட்டு மாதிரி. அந்த நேரத்துல கெஸ்ட் தூங்கினா தூங்கட்டும், ஹெச்எல்டியை இன்டர்செப்ட் பண்ண வேண்டிய அவசியம் இல்ல. ஆனா கேவிஎம்மையே எல்1ஆ ஓட்டினா அது பொதுவா ஹெச்எல்டியை பிடிச்சு, விசிபியுவை தானே தூங்க வெச்சு, எழுப்பும்போது ஆக்டிவ்னு போட்டுத்தான் எல்2வை உள்ள அனுப்பும். அதனால கேவிஎம் மேல கேவிஎம் ஓட்டி டெஸ்ட் பண்றவங்க கண்ணுல இது படறதுக்கு வாய்ப்பு ரொம்ப கம்மி.

பேட்ச் பாத்தா இதுக்காகவா ரெண்டு நாள்னு அழுகை வரும். 02வை ரெடி பண்ற ஃபங்ஷன்ல, ஈபிடி ஆன்ல இருந்தா, 12ல இருக்கற சிஆர்3யை 02ல அப்பவே எழுதிடு. அவ்ளோதான், ஒரு இஃப், ஒரு விஎம்ரைட், மேல ஒரு பெரிய கமெண்ட். எல்2ல இருக்கும்போது பின்னாடி அந்த கடைசி நொடி எழுத்து வேண்டாம்னு அதையும் நிறுத்திட்டாங்க.

வேற மாதிரியும் பண்ணியிருக்கலாமேன்னு தோணும். எக்ஸிட் காப்பியில எல்2 நிஜமா ஓடுச்சான்னு பாத்து, ஓடலன்னா சிஆர்3யை தொடாம விடலாம். எனக்கு அது பிடிக்கல, ஏன்னா 02வை படிக்கறது அந்த ஒரு இடம் மட்டும் இல்ல. லைவ் மைக்ரேஷனுக்கு (ஓடிட்டு இருக்கற விஎம்மை வேற மெஷினுக்கு நகர்த்தறது) நெஸ்டட் ஸ்டேட்டை வெளிய எடுக்கும்போதும் அதே காப்பி ஃபங்ஷன்தான் ஓடுது. ஏ தூங்கிட்டு இருக்கற அந்த இடைவெளியில யாராவது எல்1ஐ வேற மெஷினுக்கு நகர்த்தினா தப்பான சிஆர்3 அப்படியே பெட்டி கட்டி அங்க போய் இறங்கும். படிக்கறவன் ஒவ்வொருத்தனையும் "ஓடுச்சா, ஓடுச்சா"ன்னு கேக்க வெக்கறதை விட எழுதறவன் ஒழுங்கா எழுதிட்டா போச்சு.

ஆர்எஸ்பி மாதிரி டர்ட்டி மார்க் பண்ணி வெச்சுக்கலாமேன்னு கேட்டா, அதுக்கு குறுக்க நிக்கறது ஒரு பழைய ஹார்டுவேர் கூத்து. நெஹாலம் சிப்ல ஈபிடி வந்துச்சு, ஆனா அன்ரெஸ்ட்ரிக்டட் கெஸ்ட் அதுக்கு அடுத்து வெஸ்ட்மியர்லதான் வந்துச்சு. அது இல்லாத சிப்ல பேஜிங் ஆஃப்ல இருக்கற கெஸ்ட்டை ஓட்டவே முடியாது. பூட் ஆகும்போது எல்லா கெஸ்ட்டும் பேஜிங் இல்லாமத்தானே ஆரம்பிக்கும்? அதனால கேவிஎம் பேஜிங்கை தானே ஆன் பண்ணி, நேருக்கு நேர் மேப் பண்ற ஒரு ஐடென்டிட்டி பேஜ் டேபிளை ரகசியமா சொருகி ஓட்டும். அப்போ ஹார்டுவேர் சிஆர்3 ஒண்ணு, கெஸ்ட் நினைச்சுட்டு இருக்கற சிஆர்3 ஒண்ணு. இந்த லட்சணத்துல எது டர்ட்டி எது க்ளீன்னு கணக்கு வெச்சா அதுவே அடுத்த பக்குக்கு விதை. நேரா எழுதறதுதான் சுலபம்னு பேட்ச் குறிப்புலயே இருக்கு.

சிஆர்3 சரியாயிட்டா கெஸ்ட்டோட பேஜிங் ஸ்டேட் முழுசும் சரியாயிடுமான்னா, 64 பிட் கெஸ்ட்டுக்கு ஏறக்குறைய ஆமா, பிஏஇங்கற பேஜிங் முறையில ஓடற 32 பிட் கெஸ்ட்டுக்கு இல்ல. பிஏஇல சிஆர்3 காட்டற இடத்துல 8 பைட் என்ட்ரி 4 இருக்கும், ஒண்ணு 1 ஜிபிக்கு. சிஆர்3யை லோட் பண்ற நேரத்துல இன்டெல் ப்ராசஸர் அந்த நாலையும் படிச்சு உள்ள வெச்சுக்கும், அப்புறம் மெமரில மாத்தினாலும் திரும்ப சிஆர்3 லோட் பண்ற வரைக்கும் கண்டுக்காது. அதனால அந்த நாலு எண்ணும் தனி ஸ்டேட்தான், ஈபிடி இருந்தா விஎம்சிஎஸ்ல அதுக்குன்னு தனியா நாலு ஃபீல்டு, அதையும் 12க்கும் 02க்கும் நடுவுல சுமக்கணும். மைக்ரேஷன்ல இது இன்னும் மோசமா கடிச்சுது: ரிஜிஸ்டரை முதல்ல ரீஸ்டோர் பண்ணி நெஸ்டட் ஸ்டேட்டை அப்புறம் பண்ணினா, எல்2வோட சிஆர்3யை வெச்சுக்கிட்டு எல்1 கண்ணோட்டத்துல மெமரியப் படிச்சு தப்பான நாலு என்ட்ரியை லோட் பண்ண வாய்ப்பு இருக்கு. திரும்பவும் அதே பிள்ளையார் கோயில் தெரு. 2021ல லினக்ஸ் 5.14ல எஸ்ரெக்ஸ்2ன்னு புது ஐஆக்டல் (கெர்னல்கிட்ட ஒரு வேலையைக் கேக்கற கால்) கொண்டு வந்து அந்த நாலையும் மைக்ரேஷன் டேட்டாவோட சேத்தே அனுப்பற மாதிரி பண்ணாங்க.

என் கதைக்கு வரேன். அந்த சர்வர் கெர்னலை மாத்த பர்மிஷன் கேட்டா "ஓடிட்டுதானே இருக்கு"ன்னு பதில் வந்துச்சு. அதனால எல்1ல ஹெச்எல்டி எக்ஸிட்டிங் பிட்டை, ப்ரைமரி கன்ட்ரோல்ல 7வது பிட், ஆன் பண்ணிட்டேன். ஏ ஹெச்எல்டி போட்டா எனக்கு எக்ஸிட் வரும், தூங்குதுன்னு என் பக்கத்துல ஒரு ஃப்ளாக்ல குறிச்சுக்கிட்டு, எழுப்பற வரைக்கும் அதோட டிக்கையும் பிக்கே குடுத்துடுவேன், எழுப்பும்போது ஆக்டிவிட்டி ஸ்டேட் 0ன்னு போட்டு அனுப்புவேன். தூங்கற கெஸ்ட்டை எல்0 கிட்ட ஒப்படைக்கறதே இல்ல. அதுக்கு அப்புறம் ஏ சாகல.

நாலு மாசம் கழிச்சு வேற எதுக்கோ அந்த சர்வருக்கு புது கெர்னல் போட்டாங்க. அன்னிக்கு ராத்திரி அந்த பிட்டை ஆஃப் பண்ணி, ஏவை 3000லயும் பியை 9000லயும் பில்ட் பண்ணி, ஒவ்வொரு எக்ஸிட்லயும் சிஆர்3 மாறியிருந்தா கத்தற ஒரு செக்கும் போட்டு ஓட விட்டுட்டு வீட்டுக்குப் போனேன். காலைல வந்து பாத்தா ஏ இன்னும் கவுண்டரை கூட்டிட்டு இருந்துச்சு, லாக்ல ஒரு கத்தல் கூட இல்ல.